கூட வந்த பெரியவர்

எங்கே டிக்கெட் எடுத்தாலும் என் வாயில் வருவது ஒரே வாக்கியம்தான்: "ஒரு பெரியாள், ரெண்டு பிள்ளைங்க." மட்டாஞ்சேரி படகுத்துறையிலும் தோப்பும்படி பஸ்ஸிலும் பெருநாளுக்கு வரும் பொருட்காட்சியிலும் இதையே சொல்லியிருக்கிறேன். முதலில் இது அம்மாவின் வாக்கியம். அம்மா பெரியாள், நானும் தம்பியும் பிள்ளைகள்; தங்கை அப்போது பிறந்திருக்கவில்லை. அம்மா போன பிறகு நகைப்பெட்டிச் சாவியோடு இதுவும் என் கைக்கு வந்துவிட்டது. இப்போது பெரியாள் நான். பிள்ளைகளில் ஒருத்தி என் மகள், அவளுக்குப் பதினொரு வயது. இன்னொருவன் என் தம்பி, அவனுக்கு முப்பத்தாறு.

கண்டக்டர்கள் இதற்காக என்னிடம் சண்டை போட்டதில்லை. தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார்கள், முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் முழுக் காசைத்தான் நீட்டுவேன். வாக்கியம் மட்டும் மாறாது.

அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். பிறந்தபோது டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் அதை யாரும் சரியாக உச்சரித்ததில்லை, உச்சரிக்கத் தேவையும் வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவன் 'மோன்'. சாயாக்கடைக்காரர் "மோனே, வா" என்பார். அவனைவிடப் பத்து வயது இளைய மீன்காரனும் "மோனே" என்றுதான் கூப்பிடுவான். மலையாளத்தில் அது மகன் என்கிற அன்பான சொல். ஆனால் தாடி நரைக்கிற வரைக்கும் ஒருவனை அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அது பெயராகவே ஒட்டிக்கொள்ளும்.

கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் அவனுக்கு வேலை. சாக்கின் வாயைத் தைப்பதும், தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும். சாயங்காலம் வீட்டுக்குள் அவனுக்கு முன்னால் சுக்கு வாசனைதான் நுழையும். "சுக்குக்காப்பி மாமா வந்தாச்சு" என்பாள் என் மகள். முதலாளி சம்பளத்தைப் பாங்கில் போட ஆரம்பித்தபோது பாங்கு அவனுக்கு ஒரு கார்டு கொடுத்தது. அது என் கைப்பையில் என் கார்டுக்குப் பின்னால் இருக்கும். வேண்டும்போது எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பான், திருப்பித் தந்துவிடுவான்.

பம்பாயில் இருக்கும் எங்கள் தங்கையின் குழந்தைக்கு முடியிறக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் விமானத்தில் போவதாக ஏற்பாடு. இது தெரிந்ததும் கிடங்குக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் தம்பியிடம் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். இந்த மாதிரி கார்டு இருந்தால் ஏர்போர்ட்டில் லவுஞ்ச் என்று ஒரு அறை உண்டு, உள்ளே போய் சோஃபாவில் உட்காரலாம், வேண்டியதைச் சாப்பிடலாம், சத்தமே இருக்காது என்று சொல்லியும் இருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

"அக்கா, என் கார்டுக்கும் சோஃபா உண்டா?"

"உண்டுடா."

"நான்தான் கொடுப்பேன். நீ கொடுக்கக் கூடாது."

"சரி பெரிய ஆளு, நீயே கொடு."

பெரிய ஆளு என்றால் அவனுக்குச் சிரிப்பு வரும். கிண்டல் என்று தெரிந்தும் சிரிப்பான். சோறு பிசையும்போதும் சட்டை மாட்டும்போதும் இதே பேச்சு. சோஃபா அவனுக்குப் பெரிதில்லை என்பது எனக்குப் புரிந்துதான் இருந்தது. எங்கள் வீட்டில் சோஃபா இருந்தும் அவன் அதில் சாய்ந்துகொண்டு தரையில்தான் உட்காருவான். அவன் கையால் ஒரு பொருளை நீட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. காலையில் புறப்படும்போது கார்டை அவன் சட்டைப்பையில் வைத்தேன். நெடும்பாசேரி ஏர்போர்ட் வரும் வரைக்கும் பையின் மேலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.

சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால் விமானம் தாமதம் என்றார்கள். கூட்டமும் இரைச்சலுமாக இருந்தது. சத்தம் கூடினால் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவான், அப்புறம் அவனை நிமிர்த்துவது பெரும்பாடு. சரி, சீக்கிரம் அந்த அறைக்குப் போய்விடலாம் என்று இருவரையும் மாடிக்கு நடத்திக்கொண்டு போனேன்.

லவுஞ்ச் வாசலில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி, கொண்டை போட்டவள், நிமிராமலே மலையாளத்தில் கேட்டாள்.

"எத்ர பேருண்டு?"

"ஒரு பெரியாள், ரெண்டு பிள்ளைங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. படகுத்துறையில் வருகிற மாதிரியே வந்துவிட்டது. அவள் எட்டி என் மகளைப் பார்த்தாள். பிறகு தம்பியின் காலுக்குப் பின்னால் தேடினாள்.

"மற்றே குட்டி எவிடெ?"

இன்னொரு குழந்தை எங்கே என்கிறாள். தம்பி அப்போது கார்டை இரண்டு கையாலும் பிடித்து மேசைப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கைகள் மெல்லக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதாவது சும்மா இருந்தேனா, "அது இவன்தான்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

"நான் பிள்ளை இல்ல" என்றான் தம்பி. கோபமில்லாமல்தான் சொன்னான்.

அந்தப் பெண்ணுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. என் கார்டை வாங்கி மிஷினில் தேய்த்தாள், அது ஏற்கவில்லை. கடந்த மாதங்களில் நான் அந்தக் கார்டில் போதுமான அளவு செலவு செய்யவில்லையாம். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு உள்ளே இடமில்லை என்று பாங்கே தீர்மானித்திருக்கிறது. காசு கொடுத்தாவது போகலாம் என்றால், அறை நிறைந்துவிட்டதால் இப்போதைக்குக் கார்டுக்காரர்கள் மட்டும்தான் என்றாள். தம்பியின் கார்டைத் தேய்த்தாள். அது மட்டும் சட்டென்று பச்சை காட்டியது.

மேசை மேல் விதிகளை எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் மூவரில் மலையாளம் வேகமாகப் படிப்பவள் என் மகள்தான், அவளே வாசித்துச் சொன்னாள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தனியாக உள்ளே போகக் கூடாது. கார்டு வைத்திருப்பவர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த ஒரு குழந்தையைக் கூட அழைத்துப் போகலாம். ஆக, தம்பி போகலாம். தம்பி கூட்டிக்கொண்டு போனால் என் மகளும் போகலாம். நான்தான் வெளியே.

விதியில் இருந்ததை அந்தப் பெண் வாய்விட்டும் கேட்டாள்.

"குட்டியுடெ கூடெ முதிர்ந்நவர் ஆரா?"

மலையாளத்தில் முதிர்ந்நவர் என்றால் வயது வந்தவர், அவ்வளவுதான். எங்கள் வீட்டுத் தமிழில் முதிர்வது வேறு. ஒடிக்க வராத வெண்டைக்காய் முதிர்ந்தது. கோல் ஊன்றிப் பள்ளிவாசலுக்குப் போகிறவர் முதிர்ந்தவர். தம்பி அதைத் தமிழில் கேட்டுக்கொண்டான். மேசை மேல் தலையைக் குனிந்து, காதோரத்து முடியை விரலால் விலக்கிக் காட்டினான்.

"இங்க பாருங்க, நரைச்சிருக்கு. தாடியிலயும் உண்டு. நான் முதிர்ந்தாச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பில் கேலி இல்லை. என் மகளும் சிரித்தாள், அவனும் சிரித்தான். மேசைப்பெண் அவன் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிப் பிறந்த வருஷத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவனைத் தாண்டி என்னிடம் கேட்டாள்.

"சேச்சீ, ஈ ஆளு குட்டியெ நோக்குமோ?"

அக்கா, இவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வாரா என்று கேட்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் நிற்க, அவனைப் பற்றி என்னிடம் கேட்க இவள் யார் என்று தோன்றியது. ஆனால் அவள் கேட்பதற்கு முன்பே என் கை கார்டைத் திருப்பி வாங்க நீண்டிருந்தது. பரவாயில்லம்மா, நாங்க கீழேயே உட்கார்ந்துக்கிறோம் என்று சொல்லத்தான் நானும் வாயைத் திறந்திருந்தேன். கையை மடக்கிக்கொண்டேன்.

"முன்னாலதானே நிக்கிறான். அவன்கிட்டயே கேளுங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சேட்டா, குட்டியெ ஒற்றைக்கு விடருது, கேட்டோ?"

தனியாக விடக்கூடாது என்பது அவனுக்குப் புரிந்தது. ஆனால் அவன் முகம் மாறியது முதல் சொல்லில்தான். சேட்டன் என்றால் அண்ணன். முப்பத்தாறு வருஷத்தில் வெளியாள் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"விடமாட்டேன்" என்றான்.

மிஷினில் ரகசிய எண் போட வேண்டும் என்றாள். அதுவரைக்கும் அவன் கார்டுக்கு எண் போட்டது எல்லாம் நான்தான், அவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். பழக்கத்தில் அவன் தோளருகே போய் எண்ணை முணுமுணுக்க ஆரம்பித்தேன். அவன் ஒரு கையால் மிஷினை மறைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்தப் பக்கம் திரும்பு. யாரும் பார்க்கக் கூடாதுன்னு பாங்குல சொன்னாங்க."

திரும்பி நின்றேன். நிதானமாக ஒவ்வொரு பொத்தானும் அமுங்கும் ஓசை கேட்டது. சீட்டு வெளியே வந்தது. மறுபடி நான் திரும்பியபோது கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவின் மேல்பாதி முழுக்கப் பால்நிறத்தில் பூசியிருந்ததால் கீழே போகிற வருகிற கால்கள் மட்டும் தெரிந்தன. தம்பியின் செருப்பு அதில் இல்லை. உள்ளே சத்தம் வந்தால் என்ன செய்வான், சூடான சாயாவை எடுத்துக் கொட்டிக்கொண்டால், மகள் பாத்ரூம் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினால் என்று கற்பனை ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் மேசைப்பெண்ணிடம் கேட்டேன். "அவிடெ இரிப்புண்டு சேச்சீ" என்றாள், அங்கேதான் இருக்கிறார்கள் என்று. இன்னொரு தரம் எழுந்தேன், அதையே சொன்னாள். அதற்குப் பிறகு நான் எழுந்தபோது அவள் ஒரு பார்வை பார்த்தாள், நான் உட்கார்ந்துவிட்டேன்.

பயம் மட்டும் என்று சொன்னால் பொய். வெளியே வந்தால் என் இடக்கை எப்போதும் அவன் முழங்கையில் இருக்கும். இப்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மடியில் வைத்தேன், பை மேல் வைத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாருக்கும் நான் தேவைப்படவில்லை. அது ஓய்வு மாதிரி இல்லை, வேலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகை கூட வந்தது. கடைசியில் மூன்று பேருக்கென்று கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரித்து நான் ஒருத்தியே சாப்பிட்டேன். அவர்கள் பங்கையும் விடவில்லை.

விமானத்துக்கு அழைத்தார்கள். நான் பதறி எழுந்து கதவை நோக்கிப் போவதற்குள் அது திறந்தது. தம்பி முன்னால் வந்தான். என் மகளின் பை அவன் தோளில் இருந்தது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா ரெண்டாவது ஜூஸ் எடுக்க விடல."

"ஐஸ் போட்டது. இருமும்" என்றான்.

அது நான் வீட்டில் தினமும் சொல்வது. மேசையைத் தாண்டும்போது அந்தப் பெண்ணிடம், "பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். "செரி சேட்டா" என்றாள் அவள்.

படியிறங்கும்போது மகள் பின்தங்கி என் பக்கத்தில் வந்தாள். "உள்ள காப்பி மிஷின் ஒண்ணு பயங்கரமா கத்துச்சும்மா" என்றாள்.

"மாமா காதைப் பொத்திக்கிட்டாரா?"

"ஒரு காதைத்தான். இன்னொரு கையால என்னைப் பிடிச்சிருந்தாரில்ல."

முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவன் ஒரு தடவை நின்று, நாங்கள் வருகிறோமா என்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தான்.

விமானத்தில் மகளுக்கு ஜன்னல், எனக்கு நடு சீட், அவனுக்கு நடைபாதை ஓரம். உட்கார்ந்ததும் அவன் வழக்கம்போல முன்னும் பின்னும் லேசாக ஆட ஆரம்பித்தான். பணிப்பெண் அருகில் வந்து அவனைப் பார்த்தாள், பிறகு அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இவர் உங்க கூட வந்தவரா?"

ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கிறது. ஆமா, என் கூடத்தான் என்பது தயாராக இருக்கும் பதில். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இவங்க ரெண்டு பேரும் என் கூட" என்றான் தம்பி.

பணிப்பெண் தலையசைத்தாள். ஜன்னல் திரையைத் தூக்கி வைக்க வேண்டும், எல்லோரும் பெல்ட் போட வேண்டும் என்பதை அவனிடமே சொல்லிவிட்டுப் போனாள். அவன் சாய்ந்து மகளின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். பிறகு என் மடியைப் பார்த்தான்.

"அக்கா, நீ இன்னும் போடல."

போட்டுக்கொண்டேன்.