மலையாண்டி வாங்கிய ஸ்கோப்

மலையாண்டிக்கு இடது கண் போனபோது வயசு நாற்பத்தாறு. மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் அவனுடைய லாரியில் கருங்கல் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பு வடம் அறுந்து, அறுந்த முனை அவன் முகத்தில் வீசிவிட்டுப் போனது. அன்றைக்குக் கிரேன் ஆபரேட்டர் வேலைக்கு வரவில்லை. அவருடைய இடத்தில் உட்கார்ந்து கிரேனை இயக்கியவன் நல்லகாமன். அவனும் லாரி டிரைவர்தான். இரண்டு பேருக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மலையாண்டி வடத்தை மாட்டிவிட்டு விலகி நின்று கையைக் காட்ட வேண்டும். அதற்கு முன்னாலேயே நல்லகாமன் இழுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நல்லகாமன் ஒரே ஒரு தடவை வந்தான். மலையாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். அதோடு சரி.

ஒற்றைக் கண்ணுக்குக் கனரக வண்டி லைசென்ஸ் கிடையாது. பழங்காநத்தத்தில் வாடகை வீடு, தையல் கம்பெனிக்குப் போகும் மனைவி கனகலட்சுமி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள். ஆறு மாதம் வீட்டில் கிடந்த பிறகு, ரிங் ரோட்டில் இருந்த ஒரு எடை மேடையில் மத்தியான ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தான். லாரிகள் வரும், எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தான் ஓட்டிய வண்டிகளை இப்போது வேறு யாரோ ஓட்டி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை.

கண் போனதைவிட அவனை அதிகம் வதைத்தது, கிட்டத்தில் உள்ளதெல்லாம் ஏமாற்றியதுதான். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். இருக்கிற படியை இல்லை என்று நினைத்துத் தடுக்குவான். ஊசியில் நூல் கோக்கச் சொல்லி கனகலட்சுமி மறதியாகக் கேட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் எடை மேடையில் வண்டி எதுவும் வராத நேரம். பக்கத்து விமான நிலையத்துக்கு வரும் கொழும்பு விமானம் சக்கரத்தை விரித்துக்கொண்டு தாழ இறங்கியது. மலையாண்டி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இதைப் பார்ப்பதில் எந்தக் குறையும் தெரியவில்லை. தூரத்தில் இருப்பதற்கு ஒற்றைக் கண் போதும். ரெண்டு கண் உள்ளவனுக்கு அந்த விமானம் எப்படித் தெரியுமோ அப்படியேதான் தனக்கும் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விமானத்துக்கும் வெளியே வந்தான். வாலுக்குப் பக்கத்தில் ஏதோ எழுத்துகள் இருந்தன. இருபது வருஷத்துக்கு மேலாக முன்னால் போகிற வண்டியின் நம்பரைப் படித்துப் பழகியவனுக்கு, அதைப் படிக்க முடியாதது நமைச்சலாக இருந்தது.

முதலில் வாங்கியது வீண். செல்போனில் பார்த்து, நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்த ஒரு தொலைநோக்கிக் குழலை வரவழைத்தான். உள்ளே ஒரே இருட்டு. கை கொஞ்சம் அசைந்தால் வானமே குலுங்கியது. விமானத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது தரையிறங்கிவிட்டது. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டான்.

விமான நிலையத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய். அதன் கரையில் நின்றால் ஓடுதளமும் விமானங்கள் வந்து நிற்கும் இடமும் வேலிக்கு அப்பால் தெரியும், வெயிலும் கண்ணில் அடிக்காது. ஷிஃப்டுக்கு முன்னால் காலையில் அங்கே போய் நிற்கத் தொடங்கினான். அங்கேதான் தமிழ்வாணியைப் பார்த்தான். நாகமலை புதுக்கோட்டையில் இருந்து வந்து கண்மாய்ப் பறவைகளைக் கணக்கெடுக்கிற பெண். கல்லூரி ஆசிரியை. முக்காலி மேல் ஒரு குழலை மாட்டி, குனிந்து நீர்க்காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அதுல நான் ஒருவாட்டி பாக்கலாமா?"

"பாருங்கண்ணே. இந்த வளையத்தத் திருப்புனா தெளிவாகும்."

அக்கரை வேலமரத்தில் இருந்த கொக்கின் மூக்கில் சொட்டிய தண்ணீர் தெரிந்தது. மலையாண்டி மூச்சை அடக்கிக்கொண்டான்.

"இது எத்தன மடங்கு?"

"இப்ப இருபதுல வச்சிருக்கேன். அறுபது வரைக்கும் போகும். ஆனா கூட்டக் கூட்ட இருட்டாகும், ஆட்டமும் அதிகமாகும். மடங்கப் பாத்து ஏமாறாதீங்கண்ணே. முன்னாடி இருக்க கண்ணாடி எம்புட்டுப் பெருசுன்னு பாருங்க. அதுதான் வெளிச்சத்த வாங்குறது. இதுக்குப் பேரு ஸ்பாட்டிங் ஸ்கோப்."

"பைனாகுலர் வாங்கலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க." சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இடது கண்ணைக் காட்டினான். வெளி ஆளுக்கு அவனாகக் காட்டியது அதுதான் முதல் தடவை.

தமிழ்வாணி பதறவில்லை. "அப்ப உங்களுக்கு இதுதாண்ணே சரி. எப்படியும் எல்லாரும் ஒரு கண்ணாலதான் இதுல பாக்கணும்" என்றாள்.

டவுனில் ஒரு கடையில் அதே அளவில், முன்கண்ணாடி அறுபத்தைந்து மில்லிமீட்டர் உள்ள ஸ்கோப் மூன்று இருந்தன. விலை குறைந்த ரகம்தான், மூன்றும் ஏறத்தாழ ஒரே விலை. மலையாண்டி அவற்றைக் கடைக்குள் வைத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, தெருக்கோடியில் நின்ற பஸ்ஸின் நம்பரை ஒவ்வொன்றாலும் படித்தான். ஒன்றில் எழுத்தின் ஓரமெல்லாம் ஊதா நிறம் கசிந்தது. இன்னொன்றில் கண் வைக்கிற பக்கம் மேல்நோக்கி மடங்கியிருந்தது. அண்ணாந்து பார்க்க அதுதான் சுகம் என்றார் கடைக்காரர். ஆனால் அவன் கண் ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமுமாக நிற்க, ஓடுகிற ஆட்டோவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது நேர்க்குழல். பார்க்கிற திசையும் காட்டுகிற திசையும் ஒன்று, வண்டியின் பானட்டைப் போல. அதை எடுத்துக்கொண்டான். கூடக் கொடுத்த முக்காலி சோனி. காற்றடித்தால் நடுங்கும். அதன் நடுவில் அஞ்சு லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு அசையாமல் நின்றது.

ஒரு மாதத்தில் வசப்பட்டுவிட்டது. முதலில் வெறுங்கண்ணால் விமானத்தின் விளக்கைப் பிடிக்க வேண்டும். குழலின் முதுகோடு பார்வையை ஓட்டித் திருப்ப வேண்டும். இருபதைத் தாண்டக் கூடாது. நின்ற பிறகு வேண்டுமானால் முப்பதுக்குப் போகலாம். பத்து மணிக்கு மேல் ஓடுதளத்தில் சூடு கிளம்பி எல்லாம் கொதிக்கிற எண்ணெய்க்குள் கிடப்பதுபோல் நெளியும், அப்போது மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். ஒரு தடவை ரோந்து வந்த போலீஸ்காரர் விசாரித்தார். கேமரா இல்லை என்று தெரிந்ததும், படம் எதுவும் எடுக்கக் கூடாது என்று சொல்லிப் பேரும் நம்பரும் எழுதிக்கொண்டு போனார்.

புரட்டாசியில் ஒரு காலை. மும்பை விமானம் வந்து நின்றது. எண்ணெய் லாரி ஒன்று அதன் இறக்கைப் பக்கம் போனது. லாரி என்பதால் மலையாண்டி குழலை அந்தப் பக்கம் திருப்பினான். டிரைவர் இறங்கினான். இடது தோளைச் சற்றுத் தூக்கி நடக்கிற நடை. முகம் தெரிய வேண்டியதே இல்லை.

நல்லகாமன்.

அன்றைக்கு மலையாண்டி முக்காலியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் மறுநாள் போனான். அதற்கு மறுநாளும். விமானங்களை விட்டுவிட்டு அந்த லாரியையே பார்த்தான். என்ன பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நல்லகாமன் சறுக்குவதையா, யாரிடமாவது திட்டு வாங்குவதையா? அப்படி ஏதாவது நடந்தால் மனசு ஆறும் என்று நினைத்தானோ என்னவோ.

அவன் கண்டது வேறு. நல்லகாமன் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துக் கையை உயர்த்துவான். அந்த ஆள் கையைக் காட்டுகிற வரைக்கும் வண்டி ஒரு அங்குலம் அசையாது. காட்டிய பிறகும் உடனே எடுக்க மாட்டான். கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறுவான். மறுபடி கையை உயர்த்துவான். ஒரு நாள் எதிரே நின்றவன் பொறுமையிழந்து ரெண்டு கையையும் வீசி வீசிக் கூப்பிட்டான். நல்லகாமன் அப்போதும் இறங்கிச் சுற்றி வந்தான்.

பழைய நல்லகாமன் அவசரக்காரன். லோடு ஏறி முடிவதற்குள் இன்ஜினைக் கிளப்புகிறவன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மலையாண்டி மனைவியிடம் சொன்னான். பதினைந்து நாளாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தான்.

கனகலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு உங்களப் பாத்தாரா?"

"எப்படிப் பாப்பான்? ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கு."

"அவருக்குத் தெரியாம தெனமும் அவரையே பாத்துக்கிட்டு இருக்கிறது நல்லாவா இருக்கு? நான் தைக்கிறப்ப எவனாச்சும் அப்படிப் பாத்தா நான் சும்மா விடுவனா?"

மலையாண்டிக்குக் கோபம் வந்தது. "எனக்குக் கண்ணு போச்சுடி."

"அதுனாலதான் சொல்றேன். பாக்கணும்னா நேர்ல போயிப் பாருங்க. இல்லைன்னா விட்டுருங்க."

நாலு நாள் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் எடை மேடைக்கு லீவு சொல்லிவிட்டு, பெருங்குடி பஸ் ஸ்டாப்பில், விமான நிலைய ஷிஃப்டு முடிந்தவர்கள் வந்து நிற்கிற டீக்கடைக்குப் போனான். ஒரு மணிநேரம் காத்திருந்தான். நல்லகாமன் டிபன் பையோடு வந்தான். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். திரும்பிப் போய்விடுவானோ என்று மலையாண்டி பயந்தான். பயம் வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

"டீ சாப்பிடுறியா?" என்று கேட்டான். மாப்ள என்று வாயில் வரவில்லை.

நல்லகாமன் வந்து பெஞ்சியின் மறுகோடியில் உட்கார்ந்தான். டீ வந்தது.

"கண்மாய்க்கரையில இருந்து குழல் வச்சு விமானம் பாக்குறது என் பழக்கம்" என்றான் மலையாண்டி. "பதினஞ்சு நாளா உன்னையத்தான் பாத்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன். இனிமே பாக்க மாட்டேன்."

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டான். "கை காட்டுறதுக்கு முன்னாடி இழுத்துட்டேன். நீ காட்டிட்டன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மொதலாளிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

அவன் இப்படிச் சொல்லி வைத்தது மலையாண்டிக்குத் தெரியாது. குவாரியில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மலையாண்டி டம்ளரைக் கீழே வைத்தான்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

"ஆனா நீ இப்ப வண்டி எடுக்கிறதப் பாத்தேன். அம்புட்டுதான்."

காசைக் கொடுத்துவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டான்.

அடுத்த மாதம் ஒரு நாள், நல்லகாமனுக்கு வாராந்திர லீவு. மழை விட்டிருந்த காலை. கண்மாய்க்கரையில் மலையாண்டி குழலை மேற்கே, விமானம் இறங்கி வரும் வானத்துப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். விமானங்கள் வந்து நிற்கும் இடத்துப் பக்கம் இப்போதெல்லாம் அதைத் திருப்புவதில்லை. பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. நல்லகாமன் கொஞ்ச தூரம் தள்ளியே நின்றான்.

"டெல்லி வண்டி அரைமணி லேட்டு" என்றான், சும்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"அப்படியா."

அவன் பக்கத்தில் வந்தான். வேறு எதையோ கேட்க வாயெடுத்து, ரெண்டு தடவை நிறுத்தி, கடைசியில் கேட்டான்.

"கண்ணு இன்னும் வலிக்குதா?"

வேலையிலும் தெருவிலும் எப்படிப் போச்சு என்று கேட்டவர்கள் உண்டு, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. இதை யாரும் கேட்டதில்லை.

"மழை வந்தா குத்தும்" என்றான் மலையாண்டி. "நேத்து ராத்திரி தூங்கல."

நல்லகாமன் ஈரக்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தான். மலையாண்டி குழலின் உயரத்தை உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு இறக்கினான்.