முதல் வயலினுக்குப் பக்கத்து நாற்காலி

என் அக்காவுக்குக் கோபமே வராது. அவள் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டாள். மேற்கத்திய இசை வாசிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வயலினுக்கு ஆள் எடுத்தபோது, முகம் பார்த்துச் சலுகை காட்டிவிடக் கூடாதென்று எல்லோரையும் ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். அக்கா வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "இன்னொரு தடவை வாசிங்க, சும்மா கேக்கத்தான்" என்றாராம்.

அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். நேற்று வந்ததுகள் எல்லாம் முன்னால் போக, இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். நீ வாயில்லாப் பூச்சி" என்று திட்டுவேன்.

"வில்லு இருக்குல்ல, அது பேசும்" என்பாள். தாடைக்குக் கீழே வயலின் அழுத்தி அழுத்திக் கருத்த காய்ப்பைத் தடவிக்கொண்டே பயிற்சிக்குப் போய்விடுவாள்.

போன வருஷம்தான் முதல் வயலின்காரருக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. மொத்தக் குழுவும் அவர் வில்லைப் பார்த்துத்தான் வாசிக்கும். அவரோடு ஒரே தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், பக்கமும் இவள்தான் புரட்ட வேண்டும். அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சனியன் பிடித்தது. இடது கைச் சுண்டுவிரல். முதலில் சட்டைப் பொத்தான் நழுவியது, பிறகு கண்ணாடித் தம்ளர். கை மரத்துப்போச்சு என்றாள். மாதக்கணக்கிலா மரத்துப்போகும்? டாக்டரிடம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"போனா அவங்க இதுக்கு ஒரு பேர் வச்சிடுவாங்க. பேர் வச்சிட்டா நாற்காலி போயிடும்."

டாக்டரிடம் போகாதவள் வயலின் பழுது பார்ப்பவரிடம் போனாள். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதைச் சீவினால் தந்தி தாழும். விரலுக்குப் பலம் வேண்டாம், தொட்டாலே போதும். முதல் தடவை அவர் சிரித்துக்கொண்டே சீவினார். அடுத்த தடவை மெல்லிய தந்தியும் மாட்டினார். நானும் கூடப் போன மூன்றாம் தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல சீவினா தந்தி பலகையில உரசும்மா. இப்பவே நீங்க வில்லை லேசா இழுக்கிறதாலதான் மானம் தப்புது. வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். மேடையில் முதல் வயலின்காரரின் தந்தி அறுந்தால் வாசிப்பை நிறுத்தமாட்டார்களாம். பக்கத்து நாற்காலிக்காரர் தன் வயலினை அவரிடம் கொடுத்துவிட்டு, அறுந்ததை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஆர்கெஸ்ட்ராவிலும் இதுதான் வழக்கமாம்.

"அறுந்துடுச்சுன்னா?"

"உன் கரிநாக்கை வச்சிக்கிட்டுச் சும்மா இருடி."

அதன்பிறகு கச்சேரிக்குப் போனால் நான் வாசிப்பைக் கேட்பதில்லை. மாடியில் உட்கார்ந்து முதல் வயலின்காரரின் தந்தியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு கச்சேரியும் முடிந்து கைதட்டல் வரும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. குழு முழுவதும் வேகமெடுத்து வாசித்துக்கொண்டிருந்தபோது 'பட்' என்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். அக்கா தன் வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குடுக்காதேக்கா" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். முறைக்கட்டும்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்துவிட்டாள்.

அடுத்து அவர் தனியாக வாசிக்க வேண்டிய இடம். வில்லை அழுத்தி இழுத்தார். ஜிர்ரென்று தகரத்தைக் கீறுகிற மாதிரி இரைந்தது. குழுவை நடத்துகிறவரின் தலை சட்டென்று திரும்பியது. ஆனால் முதல் வயலின்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். வில்லை லேசாக்கிச் சமாளித்துவிட்டார். சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா தந்தி அறுந்த வயலினை மடியில் வைத்துக்கொண்டு, நேரம் தவறாமல் பக்கத்தைப் புரட்டினாள்.

முடிந்ததும் ஒப்பனை அறைக்கு ஓடினேன். இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவர் அக்காவின் வயலினை விளக்குக்கு நேராகத் தூக்கி, குதிரையைப் பார்த்தார். தந்தியை விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். திட்டுவார், திருப்பிக் கொடுக்கலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. வயலினைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினார்.

"சுண்டுவிரலால இங்க அமுக்கும்மா."

அக்கா விரலை வைத்தாள். உதட்டைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது.

அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். "பயப்படாம அமுக்கும்மா" என்றார்.

"அமுக்கிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றாள் அக்கா.