பின்சீட்டில் பிரேக் சார்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் பிரேக் சார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துப் பல பேர் உயிரைக் காப்பாற்றியவர். அவருக்கு இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சமீபமாக மூச்சு வாங்கியது. வயசு என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் ஓட்டப் பழகிய, லைசென்ஸ் டெஸ்டில் ஏற்கெனவே தோற்றிருந்த தையல்கார அம்மா, ஒருநாள் நாற்சந்தி நடுவில் எஞ்சினை அணையவிட்டுவிட்டார். எவ்வளவு முறுக்கியும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிரேக் சார் இறங்கித் தள்ளினார். கார் கிளம்பியது, இவர் விழுந்தார்.

தெருவில் நின்றவர்கள் அவரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்கள். அந்த அம்மா தனியாகவே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியில் இவருக்கு நினைவு வந்தது.

“இண்டிகேட்டர் போடும்மா.”

“போட்டுட்டேன் சார். நீங்க பேசாம படுங்க.”

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில் பைபாஸ் குழாய்கள் நன்றாக இருந்தன. இதயத்தின் வாசலில் இருக்கும் வால்வுதான் இறுகிப்போயிருந்தது.

“மறுபடியும் நெஞ்சைத் திறக்கணுமா?” என்று அவர் மனைவி கேட்டார்.

“திறந்தா ஆபத்து அதிகம்மா,” என்றார் டாக்டர். “பழைய பைபாஸ் குழாய் ஒண்ணு நெஞ்செலும்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. எலும்பை அறுக்கிற ரம்பம் அதுல பட்டா கஷ்டம். தொடை ரத்தக்குழாய் வழியா புது வால்வைக் கொண்டுபோய் வச்சிடலாம்.”

“பழசை என்ன பண்ணுவீங்க?” இது பிரேக் சார்.

“அங்கயேதான் இருக்கும். புதுசு அதை ஓரமாத் தள்ளிட்டு உட்காந்துக்கும்.”

“எங்க ஸ்கூல் ஆபீஸ்லயும் அப்படித்தான்.”

சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தபோது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா...”

“ஆகாது. கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எங்க வச்சீங்க?”

அவர் சிரித்துவிட்டார். கட்டில் நகர்ந்தது. மனைவி கையை விடாமல், கதவு வரைக்கும் கூடவே நடந்தார்.

வால்வு ஒழுங்காகப் பொருந்தியது. பார்க்க வந்த தையல்கார அம்மா, டெஸ்டில் மறுபடியும் தோற்றுவிட்டதாகச் சொன்னார். பின்சீட்டில் யாரும் மயங்கிக் கிடக்காததால் கவனம் சிதறிவிட்டதாம்.

சில வாரங்கள் கழித்து, படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னார். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் பேசிக்கொண்டே ஏறினார். திரும்பிப் பார்த்தால் மனைவி ஒரு மாடி கீழே நின்றார்.

“என்ன, மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்ட காட்டலாமா?”

“முட்டி வலி. வாயை மூடிக்கிட்டுக் கதவைத் திறங்க.”

அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மனைவி கையிலிருந்த பையை வாங்கக் கீழே இறங்கினார்.