தையல்காரரின் தண்ணீர் பாட்டில்

ஒரே நோய், ஒரே மருத்துவமனை, ஒரே வைத்தியம். அப்படியிருக்க, ஒருவர் வாய் ஊறியது, இன்னொருவர் வாய் காய்ந்தே கிடந்தது. இது என்ன நியாயம்? தையல்காரர் மூன்று வருடமாக இந்தக் கேள்வியை மென்றார், விழுங்கத்தான் முடியவில்லை.

அவருக்கும் சகலைக்கும், அதாவது மனைவியின் தங்கை புருஷனுக்கும், ஆறு மாத இடைவெளியில் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சில் இருவருக்கும் கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் வற்றியது. சகலைக்கு மட்டும் ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதருக்கு அவ்வளவு எச்சில்!

தையல்காரர் நாற்பது வருடமாக நூல் முனையை உதட்டில் நனைத்தே ஊசி கோத்தவர். இப்போது நூல் காய்ந்த உதட்டில் ஒட்டிப் பிசிறியது. தையல் மெஷின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் குடியேறியது. கடைக்கு வரும்போதெல்லாம் சகலை நூலைப் பிடுங்கி, நாக்கில் தொட்டு, ஒரே குத்தில் கோத்துக் கொடுப்பார்.

“என்ன அண்ணே, உங்க கடைக்கு ஈரம் சப்ளை பண்றதும் நான்தானா?”

அவர் தலை மறைந்ததும் தையல்காரர் அந்த நூலை அறுத்தெறிவார்.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டார்.

“வயசானாலும் எச்சில் சுரப்பி தேய்ஞ்ச இடத்தைத் தானே சரி பண்ணிக்கும். அதுக்குன்னு சில ஸ்டெம் செல் எச்சில் குழாய் ஓரமா இருக்கும். அவருக்கு அந்த இடத்துல கதிர் குறைவாப் பட்டிருக்கு. உங்க கட்டி இருந்த இடம் அப்படி, தப்ப வழியில்ல.”

“எனக்கு ஒண்ணுகூட மிச்சமில்லையா?”

“இருக்கலாம். கொஞ்சம்தான்னா மெதுவாத்தான் வேலை நடக்கும்.”

“அதுலயும் அவனுக்குத்தான் யோகம்” என்று வீட்டில் புலம்பினார்.

“எச்சிலுக்குமா பங்காளிச் சண்டை?” என்றாள் மனைவி.

மூன்றாம் வருடம் ஒரு காலை, பட்டன் தைக்கையில் பழைய பழக்கத்தில் நூலை வாயில் வைத்தார். முனை கூராக வெளியே வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தார். ஈரம்தான்! சகலை மூஞ்சிக்கு நேரே கோத்துக் காட்டவேண்டும் என்று ஓர் ஊசியைத் தனியே எடுத்து வைத்தார்.

அந்த வாரமே செய்தி வந்தது: சகலைக்குக் கழுத்தின் மறுபக்கம் கட்டி, மறுபடி கதிர்வீச்சு. கேட்டதும் தையல்காரருக்குள் முதலில் எழுந்தது இரக்கம் அல்ல.

வைத்தியம் முடிந்து சில மாதம் கழித்துச் சகலை கடைக்கு வந்தார். வழக்கம்போல் நூலை எடுத்து நாக்கில் தொட்டார். ஒட்டிக்கொண்டது.

“எனக்கும் வத்திப்போச்சு அண்ணே” என்று சிரிக்கப் பார்த்தார்.

தையல்காரர் பாட்டிலைத் திறந்து தான் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அவரிடம் நீட்டினார். நூல் முனையை மூடியில் இருந்த துளித் தண்ணீரில் தோய்த்து, எடுத்து வைத்திருந்த அந்த ஊசியைக் கோத்தார்.

அதன்பின் பதினோரு வருடம், சகலை எதிரே அவர் நூலை வாயில் வைத்ததே இல்லை. ஏன் என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

“வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு” என்றார்.