புங்கம்பாளையத்துப் படிக்கிணறும் நாலாவது ராட்டினமும்

1. ஒரு ஜீப், மூன்று ஆராய்ச்சி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் ஜீப்பில் மூன்று ஆராய்ச்சிகள் ஏறிக்கொண்டன. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஓடுகிற நிலையில் இருந்தது அந்த ஒரு பழைய ராணுவ ஜீப்தான். வைத்தியத்துக்கு ஒரு வண்டி, விவசாயத்துக்கு ஒரு வண்டி என்று பிரித்துக் கொடுக்க ஆபீசருக்கு வழியில்லை. அதனால் முன் சீட்டில் டாக்டரம்மா, மெட்ராஸில் படித்தவர். பின்னால் மண்ணைப் பரிசோதிக்கிற ஐயா. அவருக்குப் பக்கத்தில் கிராமப் பொருளாதாரம் படித்த ஐயா. ஒருவருக்கு மண் ஐயா, மற்றவருக்குக் கேள்வி ஐயா என்று நான் பேர் வைத்தேன். கடைசிவரை அந்தப் பேரில்தான் நிலையமே அவர்களைக் கூப்பிட்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சேலத்தில் எங்கள் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் பாதிரிச் சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்கு எழுத்தைவிட எஞ்சின் பிடித்தது. சங்ககிரியில் லாரி துடைத்தேன், கிளீனராக ஓடினேன், மீசை முளைக்கும் முன்பே ஸ்டியரிங் பிடித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் இந்த ஜீப்புக்கு வந்தேன். நெல்லு, கோழி, காசநோய், கால்வாய், பல்லில் விழும் கறை, மலைக்காட்டு மூலிகை என்று எத்தனையோ ஆராய்ச்சியை ஏற்றி இறக்கிவிட்டேன். என்னைவிட அதிகம் ஆராய்ச்சிக்குப் போன ஆள் சேலம் ஜில்லாவில் கிடையாது. படித்தவர் ஒவ்வொருவரும் ஒரு ஆராய்ச்சிக்குத்தான் போனார். நான் எல்லாவற்றுக்கும் போனேன்.

நாமகிரிப்பேட்டைக்கு அக்கட்டால், மலைக்குக் கீழே விரிந்த சமவெளியில் புங்கம்பாளையம். ஆனி மாதம். நல்ல மழை பெய்து நிலம் பதமாகக் கிடந்தது. நிலக்கடலை விதைக்கிற நாள். ஆனால் ஊரைச் சுற்றி மானாவாரிக் காடுகள் தரிசாகக் கிடந்தன. ஊர்க்கவுண்டர் காட்டில் மட்டும் ஏர் ஓடியது.

மண் ஐயா வந்தது மண்ணில் என்ன குறை என்று பார்க்க. கேள்வி ஐயா வந்தது இவர்கள் ஏன் விதைக்கவில்லை என்று விசாரிக்க. டாக்டரம்மாவுக்கு வேறு வேலை. ஊருக்குள் நுழைந்ததுமே தெரிந்தது. வீட்டுக்கு வீடு ஒரு ஆள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரம்புச் சிலந்தி.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காலில் கொப்புளம் கிளம்பி உடையும். உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி முழ நீளப் புழு எட்டிப் பார்க்கும். அதை ஒரு குச்சியில் கட்டி, நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி இழுப்பார்கள். பாதியில் அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். அந்தக் காலோடு யார் ஏர் பிடிப்பது?

ஊர்க்கவுண்டர் எங்களை மரியாதையாக அழைத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாகக் காட்டினார். அவருடைய ஒரே மகனும் கட்டிலில் குச்சி கட்டிய காலோடு கிடந்தான். கடைசியில் மாரியம்மன் கோயிலும் அதற்கு எதிரே பெரிய படிக்கிணறும் வந்தன. அங்கே நின்று கையைத் தட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்க. இதோட ஊரு முடிஞ்சுதுங்க."

கிணற்றுப் படியில் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம்தான் குடத்தை முக்கினார்கள். டாக்டரம்மா கேட்டார்.

"ஏன் தண்ணிக்குள்ளேயே நின்னு கால் கழுவுறீங்க?"

"ஆத்தா தீர்த்தமுங்க இது," என்றாள் ஒருத்தி. "கோயில் நோம்பிக்கு இதைத்தானுங்க எடுத்து ஆத்தாளுக்கு ஊத்தறோம். அழுக்குக் காலோட கொடத்த முக்குனா ஆத்தா சும்மா உடுமா?"

கீழ்ப்படியில் ஒரு கிழவர் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சிலந்தி எரிச்சலுக்கு அந்தக் குளிர்ச்சிதான் மருந்தாம்.

2. ரேடியேட்டர் கொதித்த இடம்

மறுபக்கத்து வண்டிப் பாதையில் திரும்பும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கோயிலைத் தாண்டி, ஊர் முடிந்தது என்று கவுண்டர் சொன்ன இடத்தையும் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அங்கே ஒரு தெரு இருந்தது. கூலி வேலைக்காரர்களின் தெரு. படிக்கிணற்றுப் பக்கம் அவர்களை விடுவதில்லை. அவர்களாகவே தோண்டிக்கொண்ட குறுகலான கிணறு ஒன்று இருந்தது. படி கிடையாது. கயிறு விட்டு இறைக்க வேண்டும்.

இறைத்துக்கொண்டிருந்தவள் பேர் செல்லி. முப்பது வயதிருக்கும். தண்ணீர் கேட்டேன்.

"ஏனுங் சாமி, இது எந்தத் தெருன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"என் வண்டிக்குத் தெரு தெரியாதும்மா. சூடுதான் தெரியும்."

"வண்டிக்கு ஊத்தலாமுங்க. உங்களுக்கு?"

"எனக்கும் சூடுதான்."

அவள் சிரித்துவிட்டு ஊற்றினாள். குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். போகிற வழியில் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். ஊருக்குள் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டு இருக்கிறார்கள், இந்தத் தெருவில் ஒருத்தர்கூடக் காலை நீட்டி உட்காரவில்லையே, எல்லாரும் வேலைக்கு ஓடுகிறார்களே என்று.

டாக்டரம்மா டாஷ்போர்டில் கையால் அடித்தார்.

"டிரைவர், திருப்புங்க வண்டியை!"

நான் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கே தெரியாது. டாக்டரம்மாவுக்குத்தான் தெரிந்தது. அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி எல்லார் காலையும் பார்த்தார். ஒரு சிலந்தி இல்லை. பிறகு படிக்கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார். புள்ளி புள்ளியாகப் பூச்சிகள் துள்ளின.

"சிலந்திக் காலைத் தண்ணியில வச்சா புழு குஞ்சு விடும். அதை இந்தப் பூச்சி தின்னும். பூச்சியோட சேர்த்துத் தண்ணியை நாம குடிப்போம். ஒரு வருஷம் கழிச்சு நம்ம கால்ல வரும். இந்தத் தெருக் கிணத்துல யாரும் இறங்க முடியாது. அதான் இங்க நோய் இல்ல."

மண் ஐயா தன் பையைத் தட்டினார். "மண்ணுல ஒரு குறையும் இல்லை. அருமையான செம்மண்."

கேள்வி ஐயா என்னைப் பார்த்தார். "கவுண்டர் காட்டுல மட்டும் ஏர் ஓடுதே, ஓட்டறது யாரு?"

"இந்தத் தெரு ஆளுங்கதான்," என்றேன். தண்ணீர் ஊற்றும்போது செல்லி சொல்லியிருந்தாள்.

கவுண்டரைத் தவிர ஊரில் மற்றவர்களெல்லாம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு தாங்களே ஏர் பிடிக்கிறவர்கள். கால் போனால் விதைப்பும் போனது. மூன்று பேரும் மூன்று கேள்வியோடு வந்தார்கள். மூன்றுக்கும் பதில் ஒரே கிணற்றில் கிடந்தது.

3. யார் வந்து கேட்பது

படியை மூடி, சுற்றி மதில் எழுப்பி, மேலே ராட்டினம் மாட்டி, எல்லாரும் வெளியே நின்று கயிற்றில் இறைக்க வேண்டும். அதுதான் வழி. துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை ஊரார் ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டார்கள். சிமெண்டு தர பிளாக் ஆபீசில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேலை முடியும்வரை படிக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. பக்கத்தில் வேறு நல்ல தண்ணீர் அந்தத் தெருக் கிணறு ஒன்றுதான்.

ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னதும் கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அந்தக் கெணத்துத் தண்ணி எங்க ஊட்டுக்குள்ள வாரதா? ஏனுங் டாக்டரம்மா, படிச்சவங்க பேசற பேச்சா இது?"

டாக்டரம்மா பூச்சியைப் பற்றி மறுபடி விளக்கினார். மண் ஐயா விளைச்சலைச் சொன்னார். கேள்வி ஐயா அரசாங்கத் திட்டத்தைச் சொன்னார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போதுதான் நான் ஜீப்பை விட்டு இறங்கினேன். எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது சங்ககிரி லாரிப்பேட்டை. அங்கே வாயில்லாதவனுக்கு லோடு கிடைக்காது.

"கவுண்டரே, ஒண்ணே ஒண்ணு. உங்க காட்டுல ஏர் ஓடுதே, அது யாரு காலு?"

அவர் உதறிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை.

"அவங்க காலு நல்லாருக்கு. உங்க பையன் காலு குச்சியில கட்டிக் கெடக்கு. அவங்க காலு வேணும், அந்தக் காலை நல்லா வச்சிருக்கிற தண்ணி மட்டும் வேண்டாமா?"

"பொடிப்பயலே!" என்று யாரோ கையை ஓங்கினார்கள். கவுண்டர் தடுத்தார். கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "போய்க் கேட்டுட்டு வா," என்றார் என்னிடம்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். செல்லி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேக்கறது யாரு?"

"நான்தான்."

"குடிக்கறது யாரு?"

"அவங்க."

"அப்ப அவங்க வந்து கேக்கட்டுமுங்க. டிரைவரு தாகத்துக்கு டிரைவரு கேட்டீங்க, குடுத்தோம். ஊரு தாகத்துக்கு ஊருதான் கேக்கோணும்."

அவளுக்குப் பின்னால் அந்தத் தெருவே நின்றது. நான் எத்தனையோ முரட்டு லாரிகளைத் திருப்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணை ஓர் அங்குலம் திருப்ப முடியவில்லை. திரும்பி வந்து கவுண்டரிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மகன் காலில் புழு அறுந்து, காய்ச்சல் கண்டு அவன் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் வந்தார். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அவர் புளியமரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். துண்டு தோளிலேதான் இருந்தது. ஆனால் நடந்து போனார்.

"செல்லி, தண்ணி வேணும்," என்றார்.

"எடுத்துக்கோங்க சாமி. கயிறு நீங்க கொண்டாருங்க. ஆனா பொறவு அந்தப் பெரிய கெணத்துல ராட்டினம் போடறீங்களாமே, அதுல ஒண்ணு எங்களுக்கு வேணும். கோடையில எங்க கெணறு வத்திப் போகுது."

"பாக்கலாம்."

"பாக்கலாமுன்னு சொன்னா, தண்ணியும் நாளைக்குப் பாக்கலாமுன்னு நாங்களும் சொல்லோணுமுங்க."

கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் ஜீப் டயரைப் பார்த்தேன்.

"மூணு எங்களுக்கு. நாலாவது உங்களுக்கு. தெக்கால ஓரத்துல," என்றார் கவுண்டர்.

4. கடப்பாரை

மதில் கட்டி முடித்த அன்று டாக்டரம்மா ஊரைக் கூட்டிச் சொன்னார். "முன்னாடி குடிச்ச தண்ணிக்கு அடுத்த ஆனியிலயும் சிலந்தி வரும். அதுக்கு அடுத்த ஆனியில வராது." யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படி வந்தா, நானே கடப்பாரை எடுத்து இந்த மதிலை உடைச்சு உடறேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா என்னை முறைத்தார். சத்தியம் செய்தது நான்தானே, அவர் இல்லையே.

ஆடி நோம்பிக்குக் கயிற்றில் இறைத்துத்தான் தீர்த்தம் எடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

அடுத்த ஆனி வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே சிலந்தியும் வந்தது. ஜீப் ஊருக்குள் நுழைந்ததும் பத்துப் பேர் வழிமறித்து, ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து போனட்டின் மேல் வைத்தார்கள்.

"எங்கீங்க சூரரு? எடுங்க பாக்கலாம்!"

 நான் இறங்கிப்போய்க் கடப்பாரையை எடுத்து, கோயில் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இன்னும் ஒரு ஆனி இருக்குங்க. அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது."

மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் போனோம். யாராவது திருட்டுத்தனமாகப் படியைத் திறந்துவிடுவார்களோ என்று மதிலைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். கவுண்டர் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார். "நான்தான் காவல் இருக்கறேன்ல, போ," என்பார்.

இரண்டாவது ஆனி. காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியிலேயே மண் ஐயா ஜீப்பில் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் காடு முழுக்க ஏர். டாக்டரம்மா வீடு வீடாக ஏறினார். வாசல்களெல்லாம் காலியாக இருந்தன. காலை நீட்டி உட்கார ஆளில்லை. கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தவர் ஜீப் படியில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் கடப்பாரையைத் தேடினேன். கோயில் சுவரில் இல்லை. கவுண்டர் தன் காட்டைக் காட்டினார். அவர் மகன் அதை நட்டுப் பசுமாட்டைக் கட்டியிருந்தான். அவனே ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். லேசாக விந்தினான், ஆனாலும் பிடித்தான்.

கிணற்றடிக்குப் போனேன். தெற்கு ஓரத்து ராட்டினத்தில் செல்லி இறைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ராட்டினத்தை மாட்டிவிட்டுக் கயிறு தராமல் பல மாதம் இழுத்தடித்தார்களாம். கடைசியில் கயிற்றை அவர்களே திரித்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள்.

"ராட்டினம் அவங்களுது, கயிறு எங்களுது. வேணுமுங்களா தண்ணி?"

"வண்டிக்கு வேண்டாம். எனக்கு மட்டும் கொடு."

அந்த வேலையைப் பற்றி டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதினார். மண் ஐயாவும் கேள்வி ஐயாவும் தங்கள் பங்குக்கு எழுதினார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, கேள்வி ஐயா தமிழில் படித்துக் காட்டினார். ஊரார் ஒத்துழைத்தார்கள் என்று ஒரு வரி வந்தது. ஐயா, அந்த ஒரு வரிக்குத்தான் இரண்டு வருஷம் ஆனது, அதில் பாதி என் வரி என்றேன். மீதிப் பாதி செல்லியுடையது என்று அவர் திருத்தினார். ஒப்புக்கொண்டேன். அவள் இல்லாமல் எனக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது.

இப்போது ஆராய்ச்சிக்குக் கிளம்புகிற பிள்ளைகள் என்னைவிட நூறு மடங்கு படித்தவர்கள். உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டுகிற பெரிய மனிதர் ஓரிடத்தில் நின்று, இதோடு ஊர் முடிந்தது என்று கையைத் தட்டுவார். அங்கே இறங்காதீர்கள். கியரை மாற்றி, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.