தார் மணலில் எடுத்த போன்

என் நண்பருடைய தகப்பனார் இறந்த செய்தியை நான் அவரிடமிருந்து மறைத்தேன். மறைத்தது அவருக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு வாலாஜாபாத்தில் ஹார்டுவேர் கடை. நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, உத்திரமேரூர் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். இருவரும் சேர்ந்து பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கினோம். கோடையில் வற்றிய ஏரிக்குள்ளும், கைவிட்ட கல்குவாரி மேட்டிலும் ஓட்டிப் பழகினோம். முதலில் ராஜஸ்தான் பாலைவனம், அடுத்து லடாக் மலைப்பாதை என்று திட்டம்.

ஜெய்சல்மேரைத் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் பாய் இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார். வழி பார்ப்பதற்காக அவருடைய போன் என்னிடம் இருந்தது. அவர் தம்பி கூப்பிட்டார். அழுகைக் குரல்.

“அத்தா மவுத்தாயிட்டாருண்ணே. எப்ப வருவேன்னு சொல்லு, அதுவரைக்கும் வெச்சிருக்கோம்.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “சரி, சரி” என்றேன். டவர் போய்விட்டது.

பாய் ஏறி உட்கார்ந்தார். “வாத்தியாரே, நம்ம ஏரியில மாட்டுன மாதிரி மாட்டிக்கினா, இங்க இழுக்க டிராக்டர் கீதா?”

“ஒட்டகம் இருக்கு. ஓட்டு பாய்” என்றேன்.

என் அப்பா இறந்தபோது, துபாயிலிருந்து என் தம்பி வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பிள்ளை வராமல் எங்கள் வீடுகளில் எடுக்கமாட்டார்கள். ‘வெச்சிருக்கோம்’ என்றதை நான் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் சொல்லலாம், மணலைத் தாண்டிவிடுவோம் என்று நினைத்தேன். பாய் வீடுகளில் அதிகம் தாமதிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ அடக்கங்களுக்குப் போயிருக்கிறேன். அன்று அதை நினைக்க எனக்கு விருப்பமில்லை.

பாய் அன்று அருமையாக ஓட்டினார். ஒவ்வொரு மேட்டிலும் கத்தினார். நானும் கத்தினேன்.

சாயங்காலம் டீக்கடையில் டவர் கிடைத்தது. தம்பியின் செய்தி வந்து விழுந்தது. பதிலுக்குக் காத்திருந்து பார்த்து, அடக்கம் செய்துவிட்டார்கள். மூத்த மகன் போடவேண்டிய மூன்று கைப்பிடி மண் விழாமலே குழி மூடிவிட்டது. காலையில் வந்த அழைப்பை அழித்துவிட்டு, போனை அவரிடம் நீட்டினேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

காலையில் ‘சரி’ என்றது அண்ணன்தான் என்று தம்பி நம்பினார். போனே வரவில்லை என்று பாய் சத்தியம் செய்தார். “ஜீப்பு ஓட்டப் போனவனுக்கு அத்தா இன்னாத்துக்கு?” என்று தம்பி கடைத்தெருவில் வைத்துக் கேட்டாராம். இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே தெருவில் இரண்டு கடைகள். நான் வாய் திறக்கவில்லை. லடாக் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை.

சில வருடங்கள் இப்படியே போயின. அதைச் சுமந்து அலுத்துப்போய்த்தான் சொல்லப் போனேன், துணிந்து போகவில்லை. தம்பியின் அரிசிக் கடையில் நின்று, நடந்ததைச் சொன்னேன்.

“இத்தினி வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க சார்?” என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“அண்ணே, அன்னிக்கு போன எடுத்தது நீ இல்லியாம். இவராம்.”

பாய் என் பக்கம் திரும்பினார். “டீக்கடையில முதுகத் தடவிக் குடுத்தியே வாத்தியாரே” என்றார். அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் இப்போது வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து அத்தாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போகிறார்களாம். ஒருநாள் தம்பி என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பாயிடம் இருந்த ஜீப்பின் இன்னொரு சாவியைக் கொடுத்தார்.

“அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாரு.”

“வேற ஏதாவது சொன்னாரா?”

“இல்ல சார்.”

ஜீப் பம்புசெட்டு ஓரமாக நிற்கிறது. இரண்டு சாவிகளும் என்னிடம்தான் இருக்கின்றன.