சிவப்புக் கோட்டைத் தொட்ட முள்

நாடு சுதந்திரம் பெற்ற சமயம். மாநில எல்லை தாண்டி வந்த ஒரே மின்கம்பியை நம்பித்தான் மலாக்கா டவுனில் பாதி வெளிச்சம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டால் கம்பி தாங்காது. ஏதாவது ஒரு பக்கத்தை அணைத்தாக வேண்டும். அணைந்தது எப்போதும் எங்கள் காஜா பெராங் பகுதிதான். ஒருநாள் அந்த இருட்டில் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கோபத்தோடு மின் நிலையத்துக்குப் போனேன். சுவிட்சுகளுக்கு முன்னால் ஒல்லியான ஒருவர், காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு நின்றிருந்தார். மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து மீட்டர் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார், துடைத்தால் முள் இறங்கிவிடும் என்பதுபோல. இறங்கவில்லை. எங்கள் பக்கத்துச் சுவிட்சை இழுத்தார்.

"ஏண்ணே, எப்பவும் நாங்கதானா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "யாராச்சும் இருட்டுல இருந்துதான் ஆகணும் தம்பி. மத்த பக்கம் அடைச்சா உடனே இங்க போன் அடிக்கும், தொரை காது வரைக்கும் போயிரும். உங்க பக்கம் ஒரு வீட்டுலயும் போன் இல்ல. என் வீடும் அங்கதான்."

அப்பா அதன்பிறகு நடக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. அடுத்தமுறை விளக்கு அணைந்ததுமே மின் நிலையத்து எண்ணைச் சுழற்றிக் கத்தினேன். "சரிங்க சார்," என்றது அதே குரல். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. அவர் மீட்டர் கண்ணாடியைத் துடைத்திருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பதிலுக்கு எந்தப் பக்கத்தை அணைத்தார் என்று அன்று நான் கேட்கவில்லை.